கீழ் பாலிசி நிறுவனம் திவாலானால், மேல் பாலிசி கைகொடுக்குமா?

தபாலில் ஒரு கடிதம் வருகிறது. உங்கள் காப்பீட்டு நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டது, இன்னும் 30 நாளில் உங்கள் பாலிசி முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறது. படித்ததும் வயிற்றைக் கலக்கும். அடுத்த நிமிடமே ஒரு நிம்மதியும் வரும்: "நல்ல வேளை, அதற்கு மேல் வேறு நிறுவனத்தில் இன்னொரு பாலிசி எடுத்து வைத்திருக்கிறோம். அது பார்த்துக்கொள்ளும்."

பெரும்பாலும் அது பார்த்துக்கொள்ளாது. ஏன் என்பதையும், அப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்பதையும் இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இங்கே சொல்லப்போவது அமெரிக்க நடைமுறை. அங்கே வீடு, கார், உணவகம், லாரி என்று வைத்திருக்கும் தமிழர்கள் நிறையப் பேர். நீங்கள் அவர்களில் ஒருவராக இருக்கலாம், அல்லது உங்கள் பிள்ளைகள் இருக்கலாம். காப்பீட்டுச் சட்டம் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன மேல் பாலிசி?

உங்கள் கார் ஒருவர்மேல் மோதுகிறது. அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுகிறார். முதலில் பணம் கொடுப்பது உங்கள் கார் பாலிசி. இதைப் பிரைமரி பாலிசி (முதலில் பணம் கொடுக்க வேண்டிய காப்பீடு) என்பார்கள். அதற்கு ஒரு வரம்பு உண்டு. தீர்ப்புத் தொகை அந்த வரம்பைத் தாண்டினால், மிச்சத்தைக் கொடுப்பது எக்ஸஸ் பாலிசி (வரம்புக்கு மேலே போகும் தொகைக்கான காப்பீடு). நமக்கு வசதியாக இவற்றைக் கீழ் பாலிசி, மேல் பாலிசி என்றே சொல்லிக்கொள்வோம்.

வீட்டுக்காரர்கள் எடுக்கும் அம்பர்லா பாலிசியும் இந்த வகைதான். வீட்டுப் பாலிசி, கார் பாலிசி இரண்டுக்கும் மேலே குடை மாதிரி நிற்கும். கீழ் பாலிசி தொடவே தொடாத சில விஷயங்களுக்கும் அது பணம் தரும். அது மட்டும்தான் பெரிய வித்தியாசம்.

வீட்டுக்கான அம்பர்லா பாலிசியில் 10 லட்சம் டாலர் பாதுகாப்பு ஆண்டுக்குச் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. இவ்வளவு மலிவாக எப்படித் தருகிறார்கள்? பெரும்பாலான வழக்குகள் கீழ் பாலிசியின் வரம்புக்குள்ளேயே முடிந்துவிடும். மேல் பாலிசிக்காரர் வரை வருவது அபூர்வம். இந்த மலிவுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீதிமன்றங்கள் சொல்லும் காரணம் இதில்தான் இருக்கிறது.

காப்பீட்டு நிறுவனம்கூடத் திவாலாகுமா?

ஆகும். 1980-களில் டிரான்சிட் கேஷுவால்டி, மிட்லண்ட், மிஷன் என்று அடுத்தடுத்துச் சரிந்தன. 2001-இல் பென்சில்வேனியாவின் ரிலையன்ஸ் இன்ஷூரன்ஸ் கலைக்கப்பட்டது. (நம் ஊர் ரிலையன்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 2003-இல் நூற்றாண்டைக் கடந்த ஹோம் இன்ஷூரன்ஸும் அதே வழியில் போனது.

பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். ஃப்ளோரிடாவில் 2022-இல் செயின்ட் ஜான்ஸ், அவதார், சதர்ன் ஃபிடெலிட்டி, ஃபெட்நேட் எனப் பல வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் விழுந்தன. 2023 பிப்ரவரியில் யுனைட்டெட் பிராப்பர்ட்டி அண்ட் கேஷுவால்டி விழுந்தது.

புயலுக்காக எடுக்கும் வீட்டுப் பாலிசிக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுப் படியில் விருந்தாளி வழுக்கி விழுந்தாலோ, உங்கள் நாய் யாரையாவது கடித்தாலோ, அந்த வழக்குக்குப் பணம் கொடுப்பதும் அதே வீட்டுப் பாலிசிதான். அது போய்விட்டால் உங்கள் அம்பர்லாவுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது.

சாதாரண நிறுவனங்களைப் போல மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு ஃபெடரல் திவால் நீதிமன்றத்துக்குப் போவதற்குக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு வழியில்லை. மாநிலத்தின் காப்பீட்டு ஆணையர் மாநில நீதிமன்றத்துக்குப் போய் லிக்விடேஷன் (கலைப்பு) உத்தரவு வாங்குவார். பிறகு நிறுவனத்தின் சொத்துகளைத் திரட்டி, கேட்பவர்களுக்கு வரிசைப்படி பங்கிடுவார். அது முடியப் பல ஆண்டுகள் ஆகும். உங்கள்மேல் போட்ட வழக்கு அதுவரை காத்திருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

நீங்கள் உணவகம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டெலிவரி வேன் ஒருவரை மோதிவிட்டது. கீழ் பாலிசி 10 லட்சம் டாலருக்கு. மேல் பாலிசி 40 லட்சத்துக்கு. தீர்ப்பு 30 லட்சம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் கீழ் நிறுவனம் 10, மேல் நிறுவனம் 20 கொடுக்கும். உங்கள் கையிலிருந்து எதுவும் போகாது.

இப்போது கீழ் நிறுவனம் திவால். மேல் பாலிசிக்காரர் என்ன செய்வார்? மூன்று விதமான பதில்கள் இருக்கின்றன.

முதல் பதில்: மேலே இருப்பவர் கீழே இறங்கி வந்து, 30 லட்சத்தையும் தானே கொடுப்பார். இதை டிராப் டவுன் (மேல் பாலிசி கீழ் பாலிசியின் இடத்துக்கு இறங்கி வருதல்) என்பார்கள். நீங்கள் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இரண்டாவது பதில்: கீழ் நிறுவனம் 10 லட்சத்தைக் கொடுத்துவிட்டதாகவே பாவித்து, தன் பங்கான 20 லட்சத்தை மட்டும் கொடுப்பார். நடுவில் விழுந்த 10 லட்சம் பள்ளம் உங்கள் தலையில்.

மூன்றாவது பதில்: "கீழே உள்ள 10 லட்சம் உண்மையிலேயே பணமாகக் கொடுக்கப்பட்டால்தான் என் கடமையே தொடங்கும்" என்று கையைக் கட்டிக்கொள்வார். அந்தப் 10 லட்சம் எங்கிருந்தாவது வரும்வரை அவரிடமிருந்து 20 லட்சமும் வராது.

அதிகம் நடப்பது இரண்டாவது. முதலாவது அபூர்வம். மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது.

எது நடக்கும் என்பதை யார் முடிவு செய்வது?

உங்கள் பாலிசியில் அச்சாகியிருக்கும் வாசகம். அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த வழக்குகளில் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தீர்ப்பு எழுதுகின்றன.

1982-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ரிசர்வ் இன்ஷூரன்ஸ் – பிஷியோட்டா வழக்கில் மேல் நிறுவனத்தைக் கீழே இறங்கச் சொன்னது. காரணம் ஒரே ஒரு சொல். கீழ் பாலிசியிலிருந்து 'ரெகவரபிள்' (திரும்பப் பெறக்கூடிய) தொகைக்கு மேலே உள்ளதைத் தருவோம் என்று மேல் பாலிசி எழுதியிருந்தது. திவாலான நிறுவனத்திடமிருந்து எதைப் பெற முடியும்? சொல்லுக்கு இரண்டு பொருள் கொள்ளலாம் என்றால், எழுதிய நிறுவனத்துக்கு எதிராகத்தான் அதைப் படிக்க வேண்டும் என்பது காப்பீட்டுச் சட்டத்தின் பழைய விதி. பாலிசி எடுத்தவர் வென்றார்.

இதைப் படித்துவிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். அதன் பிறகு நிறுவனங்கள் வாசகத்தை இறுக்கத் தொடங்கின. "கீழ் பாலிசித் தொகை வசூலானாலும் ஆகாவிட்டாலும்" என்ற மாதிரி வரிகள் இன்று பல மேல் பாலிசிகளில் உண்டு. அந்த வரி இருந்தால் முதல் பதிலுக்குக் கதவு அடைபட்டுவிடும்.

1986-இல் ஐந்தாம் சர்க்யூட் (வட்டார) ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மிஷன் நேஷனல் – டியூக் டிரான்ஸ்போர்டேஷன் வழக்கில் எதிர்த்திசையில் தீர்ப்புச் சொன்னது. கீழ் நிறுவனம் திவாலானதற்காக மேல் நிறுவனம் இறங்கி வரத் தேவையில்லை என்றது. மிஷன் நேஷனல் வென்றது. மறு ஆண்டே அதுவும் அதன் குழும நிறுவனங்களும் கலைப்புக்குப் போயின. மேலே நிற்பவரும் விழலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மூன்றாவது பதிலுக்கு உதாரணம் 2013-இல் வந்தது. கணினி தயாரித்த கமோடர் நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர்கள் அடுக்கடுக்காகப் பல பாலிசிகள் வைத்திருந்தார்கள். இடையில் இருந்த ரிலையன்ஸும் ஹோமும் திவால். "எங்கள்மேல் அவ்வளவு பொறுப்பு சேர்ந்துவிட்டது, அது போதாதா?" என்று கேட்டார்கள். போதாது, கீழ் அடுக்குத் தொகை உண்மையாகவே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இரண்டாம் சர்க்யூட் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்களுடைய பாலிசி வாசகம் அப்படி இருந்தது.

இதே நீதிமன்றம் 1928-இல், ஒரு திருட்டுக் காப்பீட்டு வழக்கில், கீழ் நிறுவனங்களுடன் குறைந்த தொகைக்குச் சமரசம் செய்துகொண்டவருக்கும் மேல் பாலிசி உண்டு என்று தாராளமாகச் சொல்லியிருந்தது. 85 ஆண்டுகளில் நீதிமன்றம் மனம் மாறிவிட்டதா? வாசகமும் மாறியிருந்தது, வழக்கின் வகையும் மாறியிருந்தது. அதனால்தான் நண்பர் ஒருவருக்குப் பணம் கிடைத்தது என்பதை வைத்து உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ண முடியாது.

இது அநியாயம் இல்லையா?

இரண்டு பேரிடமும் பிரீமியம் கட்டியிருக்கிறோமே என்று தோன்றும். நீதிமன்றங்கள் சொல்லும் பதிலைக் கேளுங்கள்.

மேல் நிறுவனம் குறைந்த பிரீமியம் வாங்கியது, 10 லட்சத்துக்குக் கீழே தனக்கு வேலையே இல்லை என்ற கணக்கில். கீழே இறங்கினால், அது பிரீமியமே வாங்காத ஆபத்தைச் சுமப்பதாகிவிடும். அதோடு, கீழ் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்களும் உங்கள் ஏஜென்ட்டும். மேல் நிறுவனம் அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை.

அம்பர்லா பாலிசி எடுத்தவர்கள் இன்னொரு வாதமும் வைப்பார்கள். "கீழ் பாலிசி தொடாத விஷயத்துக்கும் தருவோம் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? இப்போது கீழ் பாலிசி தரவில்லையே." பெரும்பாலான நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை. கார் விபத்து கீழ் பாலிசியில் அடங்கிய விஷயம்தான். பணம் கொடுக்க ஆள் இல்லை என்பது வேறு, அந்த விபத்து பாலிசிக்குள் வராது என்பது வேறு என்று பிரித்துவிடுகிறார்கள்.

பள்ளத்தை நிரப்ப யாருமே இல்லையா?

ஓரளவுக்கு உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் கேரண்டி ஃபண்ட் (உத்தரவாத நிதி) என்று ஒன்று இருக்கிறது. 1969-இல் மாநில ஆணையர்கள் கூடி வகுத்த மாதிரிச் சட்டத்தை ஒட்டிப் பெரும்பாலான மாநிலங்களில் இது அமைந்தது. ஒரு நிறுவனம் விழுந்தால் மற்ற நிறுவனங்களிடம் வசூலித்து, விழுந்ததன் கிளெய்ம்களைக் கொடுப்பார்கள்.

ஆனால் அதற்கும் உச்சவரம்பு உண்டு. பல மாநிலங்களில் ஒரு கிளெய்முக்கு 3 லட்சம் டாலர், கலிஃபோர்னியாவில் 5 லட்சம். நம் உணவகக் கணக்கில் 10 லட்சம் பள்ளத்தில் 3 லட்சம் நிரம்பினால், 7 லட்சம் இன்னும் உங்கள் கணக்கில் நிற்கும்.

சிலருக்கு அந்த 3 லட்சமும் கிடைக்காது. யாருக்கு? மாநில உரிமம் வாங்காமல் தனி வழியில் விற்கும் சர்ப்ளஸ் லைன்ஸ் (உரிமம் பெற்ற நிறுவனங்கள் எடுக்கத் தயங்கும் ஆபத்துகளுக்கான சந்தை) பாலிசி எடுத்தவர்களுக்கு, ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் கிடையாது. ஒரே தொழில் செய்பவர்கள் கூடி நடத்தும் ரிஸ்க் ரிடென்ஷன் குரூப்பில் (தொழில்காரர்களே சேர்ந்து நடத்தும் காப்பீட்டு அமைப்பு) சேர்ந்தவர்களுக்கும் கிடையாது. 1986-ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டமே அவற்றை இந்த நிதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. லாரி, டாக்ஸி, மதுபானம் விற்கும் உணவகம் நடத்துபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அவர்கள் பாலிசி இந்த இரண்டில் ஒரு வழியில் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நடைமுறையில் இன்னொரு சிக்கல் வரும். "வேறு காப்பீடு இருந்தால் முதலில் அங்கே போ" என்பது உத்தரவாத நிதியின் விதி. மேல் நிறுவனமோ "நான் மேலே இருப்பவன், முதலில் அங்கே போ" என்று நிதியைக் காட்டும். இருவருக்கும் நடுவில் நீங்கள் நடையாய் நடக்க வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே நாளில், எழுத்தில், தகவல் கொடுத்துவிடுங்கள்.

பணத்தைவிட முன்னால் வரும் தலைவலி: வக்கீல்

பலர் மறந்துபோகும் விஷயம் இது. வழக்கில் உங்களுக்கு வக்கீல் வைத்து வாதாடுவது கீழ் நிறுவனத்தின் கடமை. அது விழுந்ததும் வக்கீலுக்குப் பணம் போவது நின்றுவிடும். மேல் நிறுவனம், தன் அடுக்கு வரும்வரை வக்கீல் செலவும் என் வேலை இல்லை என்றே பொதுவாகச் சொல்லும்.

உத்தரவாத நிதி உங்கள் கிளெய்மை ஏற்றுக்கொண்டால் வக்கீலையும் அது பார்த்துக்கொள்ளும். பொறுப்பெடுக்க அவகாசம் வேண்டும் என்பதால், பல மாநிலங்களில் வழக்கைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கவும் சட்டம் இருக்கிறது. நிதி ஏற்காவிட்டால் வக்கீல் செலவு உங்களுடையது. பதில் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும்.

இந்த இடத்தில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. வழக்கு மோசமாகப் போனால் அடி மேல் நிறுவனத்துக்கும் விழும். நம் கணக்கில் 20 லட்சம் அவர்களுடையது. சட்டப்படி கடமை இல்லாவிட்டாலும் தங்கள் பணத்தைக் காப்பாற்ற அவர்களே வக்கீல் அனுப்புவதும் உண்டு. கேட்டுப் பாருங்கள். கேட்பதில் நஷ்டம் இல்லை.

கடிதம் வந்துவிட்டது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, புதிய கீழ் பாலிசி எடுங்கள். பழைய பாலிசி பொதுவாக 30 நாளில் முடிந்துவிடும். உங்கள் மேல் பாலிசியில், கீழ் பாலிசியை இத்தனை டாலர் வரம்புடன் எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். பழைய வரம்புக்குக் குறையாமல் எடுங்கள். எடுக்காமல் விட்டால், இனி நடக்கும் விபத்துகளில் பள்ளம் உங்களுடையது என்பதில் வாதத்துக்கே இடமில்லை.

இரண்டு, மேல் நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள். ஏற்கெனவே நடந்த விபத்து, வந்த வழக்கு, சந்தேகமாக இருக்கும் சம்பவம், எல்லாவற்றையும். "10 லட்சத்தைத் தாண்டாது, அவர்களுக்கு எதற்கு?" என்று நினைக்க வேண்டாம். தாமதமாகச் சொன்னார் என்ற காரணத்தை அவர்கள் கையில் நீங்களே கொடுக்கக் கூடாது.

மூன்று, கலைப்பு அதிகாரியிடம் உங்கள் கோரிக்கை மனுவைக் கடைசித் தேதிக்குள் கொடுங்கள். பாலிசிதாரர்கள் மற்றக் கடன்காரர்களுக்கு முன்வரிசையில் நிற்பவர்கள். பணம் வரப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆனால் தேதி தவறினால் வரிசையில் பின்னுக்குப் போய்விடுவீர்கள். இன்னும் வழக்கு வராத விபத்துக்கும் மனு கொடுத்து வைக்கலாமா என்று கேளுங்கள்.

நான்கு, வழக்குப் போட்டவருடன் தனியாகச் சமரசம் பேசிவிடாதீர்கள். "பள்ளத்தை நானே என் கைப்பணத்தில் நிரப்பிவிட்டால் மேல் நிறுவனம் கொடுத்துவிடுமா?" என்பது நியாயமான கேள்வி. சில பாலிசிகள் யார் கொடுத்தாலும் சரி என்கின்றன. சில, கீழ் நிறுவனமே கொடுத்திருக்க வேண்டும் என்கின்றன. முதலில் மேல் நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். இந்த ஒரு கட்டத்துக்கு, பாலிசிதாரர்களுக்காக வாதாடும் வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு ஆகாது.

இன்னும் கடிதம் வரவில்லையா? அப்படியானால்

உங்கள் நேரம் நல்ல நேரம். கீழ் நிறுவனத்தின் ஏ.எம். பெஸ்ட் தரமதிப்பைப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனங்களின் நிதி பலத்துக்கு மார்க் போடும் அமைப்பு அது. 'ஏ மைனஸ்' அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற நிறுவனமா என்று மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். ஆண்டுக்கு 200 டாலர் மிச்சம் என்று தரம் குறைந்த நிறுவனத்துக்கு மாறச் சொன்னால், 7 லட்சம் டாலர் பள்ளத்தை ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

முடிந்தால் கீழ் பாலிசி, மேல் பாலிசி இரண்டையும் ஒரே பலமான நிறுவனத்தில் எடுக்கலாமா? வாசகச் சண்டை குறையும் என்பது உண்மை. ஆனால் அந்த நிறுவனம் விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். வசதிக்காக ஒரே இடத்தில் எடுப்பதென்றால் தரமதிப்பில் சமரசம் வேண்டாம்.

பிறகு மேல் பாலிசியை எடுத்து மூன்று இடங்களைத் தேடுங்கள். கீழ் பாலிசித் தொகையைக் குறிக்க என்ன சொல் இருக்கிறது? 'ரெகவரபிள்', 'கலெக்டபிள்' (வசூலிக்கக்கூடிய) என்றிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் வாதம் இருக்கிறது. 'இன்சால்வென்சி' (திவால் நிலை) என்ற சொல் வரும் பத்தி இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் பள்ளம் உங்களுடையது என்றுதான் அது சொல்லும். 'ஆக்சுவல் பேமென்ட்' (உண்மையாகவே பணம் கொடுத்தல்) என்று இருக்கிறதா? இருந்தால் மூன்றாவது பதிலுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஆங்கிலச் சட்ட வாசகத்தைப் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமமாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே வாசகத்தை வைத்துக்கொண்டு நீதிபதிகளே ஆளுக்கொரு பொருள் சொல்லியிருக்கிறார்கள். ஏஜென்ட்டுக்கு ஒரே ஒரு கேள்வியை ஈமெயிலில் அனுப்புங்கள்: "என் கீழ் பாலிசி நிறுவனம் திவாலானால், இந்த மேல் பாலிசி எந்த டாலரிலிருந்து கொடுக்கத் தொடங்கும்?"

தொலைபேசியில் பதில் சொன்னால், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பதிலைப் பாலிசியோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.